கடற்கரைக்கு ஒரு பை

இட ஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டிப் போட்டுச் சாலையை மறிக்கிறார்களாம், போலீஸ் குவிகிறதாம் என்று ரேடியோ சொல்லி முடிக்கிறது. அதைக் காதில் வாங்காதவன் போலத் தம்பி தீனதயாளன் பையை அடுக்குகிறான். கடலூர்ப் பக்கம் கடற்கரையில் காலேஜ் கேம்ப்பாம். அக்கா மணிமொழி அரிசி புடைத்தபடியே கடைக்கண்ணால் பார்க்கிறாள். கடலில் குளிக்கப் போகிறவனுக்கு மாற்று லுங்கி இல்லை, சோப்பு இல்லை. துண்டில் சுற்றுவதோ காம்பு கழற்றிய கோடாலி. புதிதாகச் சாணை பிடித்த விளிம்பில் சன்னல் வெயில் பளிச்சிடுகிறது. "இன்னாடா, கடலாண்ட கோடாலி எதுக்கு?" "டென்ட்டுக்கு முளை வெட்டணும்க்கா." "டென்ட்டு எங்க?" "பசங்க எடுத்துக்கினு வராங்க," என்று முகம் கொடுக்காமல் கிணற்றடிக்குப் போகிறான். வாளி தண்ணீரில் மோதுகிறது. சேலம் ரோட்டுப் புளியமரங்களில் காக்கைகள் ஓயாமல் கத்துகின்றன. மணிமொழி சத்தமில்லாமல் எழுகிறாள். கோடாலி அரிசிப் பானைக்குள் புதைகிறது. அது இருந்த துண்டுக்குள் ஓர் அரைச் செங்கல் உட்காருகிறது. அதன்மேல் லுங்கியும் சோப்பும் வைத்துப் பையை மூடுகிறாள். ஈரக் கையோடு வந்தவன் பையைத் தூக்கிக் கனம் பார்க்கிறான். முகம் தெளிகிறது. முறத்தைத் தட்டிக்கொண்டே அவள் சொல்கிறாள்: "நல்லா முங்கிக் குளிச்சிட்டு வாடா."