செருப்பு ஸ்டாண்ட் தேவதை

"தேவதைன்ற, றெக்கையக் காணோம். வெத்தலைய மென்னுகினு எல்லாரையும் திட்டிகினு கீறா. இவ எந்த ஊரு தேவதை, நைனா?"

தாயாரம்மாளின் குரல் தியேட்டரில் நாலு வரிசைக்குக் கேட்டது.

படத்தை எடுத்த உதயா கிசுகிசுத்தான். "திருத்தணிதாம்மா. அது நீங்கதான்."

முருகன் மலைக்கோயில் படிக்கட்டின் கீழே செருப்பு ஸ்டாண்ட் வைத்திருப்பவள் தாயாரம்மாள். "நானா?" என்று வாயைப் பிளந்தாள்.

திரையில் தேவதை ஒரு பையைத் தூக்கி எறிந்தாள். கதாநாயகன் பிரித்தால் பெண்பிள்ளைச் செருப்பு! அதைக் கையில் பிடித்துக்கொண்டு, சொந்தக்காரியைத் தேடி ஆடி வெயிலில், கொதிக்கும் தார் ரோட்டில் தத்தித் தத்தி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் அவன் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தியேட்டரே சிரித்தது.

"எங்க கதைதாம்மா. அன்னிக்கு நீங்க பைய மாத்திக் குடுக்கலன்னா எனக்கு சௌமியா ஏது? இந்த நன்றியச் சொல்லத்தான் படமே எடுத்தேன்."

தாயாரம்மாள் விருட்டென்று எழுந்துவிட்டாள்.

"யாரு, நானா மாத்துனேன்? ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துலயே ஒரு ஜோடி மாறுனதில்ல! ஊரைக் கூட்டிவெச்சு என் தொழிலையா நாறடிக்கிற?"

உதயாவுக்கு முகம் செத்துவிட்டது. கும்பிட வந்த இடத்தில் மனத்தை நோகடித்துவிட்டோமே!

இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவன் மனைவி சௌமியா, கெஞ்சுவதுபோலத் தாயாரம்மாளின் கையை அழுத்திப் பிடித்தாள். தாயாரம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே மெல்ல உட்கார்ந்தாள்.

"ஆங்... இப்பத்தான் நாபகம் வருது நைனா. ஒரே ஒரு தரம் மாத்திட்டேன். கூட்டம், வெயிலு... கண்ணு இருட்டிகினு வந்துச்சி."

"அந்த மயக்கம் முருகன் குடுத்ததும்மா!" உதயா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் காலைத் தொட்டான். பிறகு, அவளை வீட்டில் கொண்டுவிட வண்டியை எடுக்க ஓடினான்.

அவன் தலை மறைந்ததும் தாயாரம்மாள் சௌமியாவின் காதருகே குனிந்தாள்.

"கிருத்திகைக்குக் கிருத்திகை நீ ஒளிஞ்சி ஒளிஞ்சி அவரப் பாத்துகினு நின்னதும், 'அக்கா, செருப்ப மாத்திக் குடுங்கக்கா'ன்னு என்கிட்ட அழுததும்... இன்னுமா கண்ணு அவராண்ட சொல்லல?"