இரண்டாம் வீட்டில் ஆறு தட்டுகள்

இரவு மணி எட்டேகால். ஜெர்மனியில் மார்பர்க் ஊரின் மேட்டுத் தெருவில், மூன்றாம் மாடிச் சமையலறையில் இம்கே அடுப்பை மறுபடியும் அணைக்கிறாள். ஜூன் மாத வெயில் இன்னும் ஜன்னல் கண்ணாடியில் மஞ்சளாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பானையில் உருளைக்கிழங்கு உருண்டைகள் குழைந்து, விண்டு, வெந்நீரைக் கூழாக்குகின்றன. ஏழரைக்கு வரவேண்டிய நான்கு பேரைக் காணோம். ஒரு வீட்டில் சூப், அடுத்த வீட்டில் சாப்பாடு, மூன்றாவது வீட்டில் இனிப்பு என்று நாற்பத்திரண்டு மாணவர்களை ஊர் முழுக்க நடக்கவிடும் அட்டவணையை மூன்று வாரம் உட்கார்ந்து போட்டவளே அவள்தான். போன் அடிக்கிறது. இனிப்பு வீட்டு ஹென்னிங். "உன் வீட்டுலேர்ந்து ஆளுங்க கிளம்பிட்டாங்களா? ஐஸ்கிரீம் உருகுதுடி!" "இங்கேயே இன்னும் யாரும் வரலை. வை போனை." கூடச் சமைத்த டியார்க், நேராக இருக்கும் ஆறு தட்டுகளை மறுபடி நேராக்குகிறான். "நாமளாவது சாப்பிடலாமா?" "ஒரு உருண்டையைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்."

வாசல் மணி ஒலிக்கிறது. படியெல்லாம் சிரிப்புச் சத்தம் ஏறி வருகிறது. முதலில் நுழையும் பெண் வயிற்றைத் தடவிக்கொள்கிறாள். "மன்னிச்சுக்கோ! அங்கே சூப் அவ்வளவு ருசி. ஆளுக்கு மூணு கிண்ணம் ஆயிடுச்சு. எங்களுக்குச் சும்மா பேருக்கு வை, போதும்."

இம்கே அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். இருப்பதிலேயே பெரிய கரண்டியை எடுத்து, உடைந்ததும் உடையாததுமாக உருண்டைகளை அந்தப் பெண்ணின் தட்டில் குவித்து, மேலே குழம்பை ஊற்றுகிறாள். குழம்பு விளிம்பைத் தாண்டி மேசைவிரிப்பில் வழிகிறது. இன்னும் ஒரு கரண்டி வைக்கிறாள்.

"சாப்பிடு," என்கிறாள்.