இருவர் இருக்கை

மூன்றாவது கொலை.

கதவைத் திறந்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. கூடம் முழுக்கப் பஞ்சு. மின்விசிறி இறக்கையில் பஞ்சு. காலண்டர் முருகனுக்கு வெள்ளை மீசை முளைத்த மாதிரி பஞ்சு.

நடுவில் கிடந்தது மெத்தையின் தோல். ஊதா வெல்வெட். ஆன்லைனில் வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை.

குற்றவாளி கட்டிலுக்கு அடியில். வால் மட்டும் வெளியே.

அந்த வால் ஆடிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை நாலு மணி" என்றாள் அவர் மனைவி செண்பகவல்லி, துடைப்பமும் கையுமாக. "காவலுக்கு நாய் கேட்ட தோட்டத்துக்காரர்கிட்ட சொல்லியாச்சு. வண்டி கொண்டு வர்றாரு. உங்க டிக்கெட்டை ஏத்தி அனுப்பிடுங்க."

டிக்கெட் என்பது நாயின் பெயர்.

அவர் பஞ்சு பொறுக்கினார்.

பணிமனையில் பேருந்து இருக்கைகளுக்கு உறை தைப்பவர். இருபத்தாறு வருஷம். அங்கே ஓட்டம் முடிந்து ஓரங்கட்டிய ஒரு பேருந்துக்குள் பிறந்து, அதற்குள்ளேயே வளர்ந்தவள் டிக்கெட். போன மாதம் அந்தப் பேருந்தை ஏலத்தில் எடுத்தவர்கள் துண்டு துண்டாக வெட்டி லாரியில் ஏற்றினார்கள். அவர் நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வந்த நாளிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. சிமென்ட் தரையில் படுத்துப் படுத்து முழங்கை புண்ணாகிவிட்டது. மெத்தை போடாவிட்டால் ஆறாது என்று கால்நடை மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

முதலில் சணல் சாக்கு. நார் நாராகப் போனது.

அடுத்து இலவம்பஞ்சு மெத்தை. கிழித்ததோடு விடவில்லை, அதிலேயே மூத்திரமும் போனாள். மூன்று நாள் வெயிலில் காயப் போட்டும் வாடை அப்படியே இருந்தது.

இப்போது வெல்வெட்.

செண்பகவல்லிக்குப் பஞ்சு பறந்தாலே இருமல். அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. அதுதான் சிக்கல்.

சனிக்கிழமை காலை. பணிமனை.

அவர் முன்னால் ஒரு பழைய ரெக்சின் இருக்கை. பன்னிரண்டு வருஷம் ஓடியது. வெற்றிலைச் சாறு, குழந்தைகளின் வாந்தி, கல்லூரிப் பையன்களின் பிளேடு, எல்லாம் பார்த்தது. ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தார்.

பளிச்.

கை அப்படியே நின்றது.

ஊரெல்லாம் தேடியாயிற்று. ஆன்லைனில் தேடியாயிற்று. பொழுதெல்லாம் மடியில் போட்டுத் தைப்பதை மட்டும் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

"மடையன்!" என்றார் சத்தமாக.

பக்கத்துத் தையல் மெஷினில் இருந்தவர் பதறிப்போய்த் திரும்பினார். "அண்ணே, நான் என்ன பண்ணேன்?"

பணிமனைச் சாமானில் கை வைக்கிற ஆள் இல்லை அவர். மாலையில் கடைவீதிக்குப் போய்க் கனமான ரெக்சின் வாங்கினார். உள்ளே பஞ்சு கிடையாது. ரப்பர் பூசிய தென்னை நார். நைலான் நூலில் இரட்டைத் தையல். மடிப்பெல்லாம் அடிப்பக்கம். பல் வைக்க ஓர் ஓரம் விடவில்லை. உறையைக் கழற்றி அலசுவதற்கு அடியில் ஒட்டுப்பட்டை.

அளவு?

கைக்குப் பழகிய அளவுதான் வந்தது. இருவர் இருக்கை.

ஞாயிறு. மூன்றரை மணி.

கூடத்தில் கிடந்ததைச் செண்பகவல்லி ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அடுக்களைக்குள் போனாள். கரண்டியோடு திரும்பினாள்.

மீன் குழம்பு.

நட்ட நடுவில் ஊற்றினாள்.



நன்றாக ஊற விட்டாள். பிறகு ஈரத் துணி. ஒரே இழுப்பு. குனிந்து மோந்து பார்த்தாள். சந்தேகம் தீரவில்லை போல, இன்னொரு தடவை மோந்தாள்.



நகத்தால் கீறினாள். தோசைக் கரண்டியின் முனையால் கீறினாள். ஒரு கோடு விழவில்லை.

கடைசியில் அதன் மேலேயே உட்கார்ந்தாள். இரண்டு தடவை எம்பிக்கூடப் பார்த்தாள். ரெக்சின் கிறீச்சிட்டது.

"டவுன் பஸ்ஸுல என்னிக்காவது இப்படி ஒரு சீட்டு குடுத்திருக்கீங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கட்டிலுக்கு அடியில் ஏதோ அசைந்தது.

முதலில் மூக்கு. அப்புறம் ஒரு காது.

துடைப்பக்காரிக்குப் பயந்து மீன் குழம்புக்குக்கூட வராதவள், அந்தக் கிறீச் சத்தத்துக்கு வந்தாள்.

இருக்கையின் ஓரத்தை மோந்தாள். வெகுநேரம் மோந்தாள். ஏறினாள். மூன்று சுற்றுச் சுற்றினாள். ஊருக்கு வந்து சேர்ந்தவள் மாதிரி பொத்தென்று விழுந்தாள்.

தலை விழுந்த இடம் செண்பகவல்லியின் மடி.

ஒரு பெருமூச்சு. அடுத்து குறட்டை.

செண்பகவல்லியின் கை அந்தரத்தில் நின்றது. எங்கே வைப்பதென்று அதற்குத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்தது. பிறகு மெல்ல இறங்கி, நாயின் காதுக்குப் பின்னால் போய்த் தங்கியது.

வாசலில் ஹாரன்.

நாலு மணி.

அவர் ஆணியில் தொங்கிய சங்கிலியை எடுத்தார். கழுத்துப் பட்டையில் மாட்டுவதற்காக இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

மறுபடியும் ஹாரன்.

செண்பகவல்லி நிமிர்ந்து பார்க்கவில்லை. தூங்குகிறவள் விழித்துவிடக் கூடாதே என்று குரலை மட்டும் தாழ்த்தினாள்.

"எந்திரிங்க. இது லேடீஸ் சீட்டு."