இருபத்தொரு பல் முத்திரை

ஒரு கால் விரலின் விலை பதினெட்டு பேசோ. அரை லிட்டர் கோலா என்ற பெயரில் விற்கும். காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்; விரலைத் திருப்பிக் கேட்க முடியாது.

எலாதியோ தினமும் இரண்டு பாட்டில் குடித்துக்கொண்டிருந்தான்.

பச்சூக்கா நகரச் சந்தையில் அவனுக்குக் காய்ந்த மிளகாய் மொத்த வியாபாரம். எதிரே யார் நின்றாலும் பேரம் பேசுவான். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோதும் பேசினான். முடிவில் நாலு மாதம் தவணை கிடைத்தது. அதற்குள் சர்க்கரை இறங்க வேண்டும், புண் ஆற வேண்டும். இல்லையென்றால் வெட்டு.

பக்கத்து நாற்காலியில் அவன் மகள் யாரெலி, பதினொரு வயது, சுவரில் தொங்கிய பாதத்தின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே சட்டம் வந்தது.

அவன் வீடு மலைச்சரிவின் உச்சியில். தோன்யா கூக்காவின் மளிகைக்கடை நூற்று அறுபது படி கீழே. கோலா வாங்கிவர எப்போதும் யாரெலிதான் போவாள். அன்று காலி பாட்டில்களோடு திரும்பி வந்து நின்றாள்.

"பதினெட்டு வயசு ஆகாதவங்களுக்குக் கோலா குடுக்கக் கூடாதாம்ப்பா. கவர்மெண்ட் ஆர்டர். கடையில ஒட்டியிருக்காங்க."

எலாதியோ நொண்டிக்கொண்டே இறங்கிப் போனான். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் உயரத்தில் ஒரு வெள்ளைத் தாள், அடியில் ஊதா நிறத்தில் வட்ட முத்திரை. எழுத்தெல்லாம் கலங்கல். அப்போது அவனுக்கு எதைப் பார்த்தாலும் கலங்கல்தான். சர்க்கரை கண் வரைக்கும் ஏறியிருந்தது.

"என் வாய், என் காசு, என் காலு! நடுவுல அரசாங்கம் யாரு?"

"உங்களை யாரு தடுத்தா? நீங்க வந்து கேளுங்க, ஒரு பெட்டியே தர்றேன். புள்ளைய அனுப்பாதீங்க, அவ்வளவுதான்" என்றாள் தோன்யா கூக்கா.

பள்ளிக்கூடங்களில் கோலாவுக்குத் தடை போட்டவர்கள் படி ஏறித் தெருக்கடைக்கும் வந்துவிட்டார்கள் என்று அவன் நம்பிவிட்டான். சந்தையில் குடிக்கவும் வழியில்லை. எதிர்க்கடை மச்சினனுடையது, இங்கே மூடியைத் திறந்தால் அங்கேயிருந்து வீட்டுக்கு போன் போய்விடும்.

முதல் வாரம் வீம்புக்குத் தினமும் இறங்கி ஏறினான். அடுத்த வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். அதன் பிறகு மாலையில் செருப்பைக் கழற்றி உட்கார்ந்தால், வீம்பைவிடப் படிகள் அதிகமாக இருந்தன. மனைவி போட்டுவைத்த செம்பருத்தித் தண்ணீரைக் குடித்துவிட்டு அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு படுத்தான்.

இன்று தவணை முடிந்தது.

டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பத்தும் உங்களுக்கே. வெச்சுக்குங்க" என்றார்.

எலாதியோ நேராகக் கடைக்கு வந்தான். கையில் ஒரு கிலோ முதல்தர ஆஞ்சோ மிளகாய். சொந்தத் தம்பிக்குக்கூட அவன் ஒரு மிளகாய் சும்மா கொடுத்ததில்லை.

"அந்தச் சட்டத்துல கையெழுத்துப் போட்ட மகராசன் பேரு வேணும் தோன்யா. எந்த ஆபீசா இருந்தாலும் நானே போய் இதைக் குடுத்துட்டு வரப்போறேன்."

தோன்யா கூக்கா தராசைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அவங்கள்லாம் பெரிய ஆளுங்க. மிளகாய்க்கா மசிவாங்க? என்கிட்டக் குடுங்க, நான் சேர்த்துடறேன்."

"அரசாங்கத்துக்கு வந்ததை அமுக்கப் பாக்குறீங்களே! பேரை நானே படிச்சுக்கறேன், இப்பதான் கண்ணு நல்லாத் தெரியுதே."

அவன் கல்லாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

"அய்யோ தோன் எலாதியோ, அங்க போகாதீங்க, மூட்டை தடுக்கும்..."

தடுக்கவில்லை.

முத்திரையின் விளிம்பு முழுக்கப் பல் பல்லாக இருந்தது. விரல் வைத்து எண்ணினான். இருபத்தொன்று. ஆயுள் முழுக்கப் பாட்டில் மூடி திறந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. தொட்டுக் குத்தியிருந்தது மையும் இல்லை, செம்பருத்திச் சாறு.

மேலே, அரசாங்கத்தின் எழுத்துகள் ஸ்கேல் வைத்துப் போட்ட கோட்டின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வால் உள்ள எழுத்துக்கெல்லாம் பன்றிவால் போல ஒரு சுருட்டல். வாராவாரம் வீட்டுப்பாட நோட்டில் அந்தச் சுருட்டலுக்குக் கீழேதான் அவன் கையெழுத்துப் போடுகிறான்.

அவன் திரும்பவில்லை.

"மேட்டுல தூக்கிட்டு ஏற கை வலிக்குதுன்னு சொன்னா புள்ள" என்றாள் தோன்யா கூக்கா, தராசைப் பார்த்தபடி. "வேற ஒண்ணும் சொல்லல."

தாளின் ஒரு மூலை ஒட்டு விட்டுத் தொங்கியது.

"டேப் இருக்கா?" என்றான் எலாதியோ.

நாலு மூலையையும் அழுத்தி ஒட்டினான். இனி யாரும் கிட்டே வந்து படித்துவிடாதபடி, ஒரு சோள மூட்டையை இழுத்து அதன் முன்னால் நிறுத்தினான். வெளியே வந்து மிளகாயைத் தராசில் வைத்தான். விலை சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவன் சொல்ல வேண்டிய நன்றி மொத்தம் இரண்டு. ஒன்று தராசில் தீர்ந்தது. மற்றதைச் சொன்னால் அந்த நிமிடமே சட்டம் செல்லாமல் போய்விடும்.

பாக்கி ஒன்று.