எழுதிக்கொடுப்பவர் விலாசம்

அப்பா விட்டுப்போன வீட்டில் தன் பங்கை அண்ணனுக்கு எழுதிக்கொடுக்க வந்திருந்தாள் மரகதவல்லி. பத்திர எழுத்தர் விடுதலைப் பத்திரத்தை வாசித்துக் காட்டினார். ‘இனி எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை’ என்ற இடத்தில் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இனி அந்த வாசற்படியை எந்த உரிமையில் மிதிப்பது?

“அழுமூஞ்சி, காபி சொல்லட்டுமா?” என்றான் அண்ணன் தணிகாசலம்.

“விலாசம் மட்டும் பாக்கி, சொல்லும்மா” என்றார் எழுத்தர்.

“பதினேழு, சுண்ணாம்புக்காரத் தெரு.”

“அது நீ விட்டுக்குடுக்குற வீடும்மா. உன் வீடு எது?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். புகுந்த வீட்டுக் கதவிலக்கம் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

தணிகாசலம் எழுத்தர் பக்கமாகக் குனிந்தான். “தப்பில்லீங்க. அவ சொன்னதையே போடுங்க.”