ஆயுத பூஜைக்கு மறுநாள்

பெத்த மகனோட சாம்பலைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு மனுசன் பேசற பேச்சா அது?

தாராபுரத்துல அமராவதி ஆத்தங்கரையில நின்னுக்கிட்டு, வந்தவங்க போனவங்ககிட்டயெல்லாம் அர்த்தநாரி ஒரே பல்லவியைத்தான் பாடிக்கிட்டு இருந்தார். வேகம். திமிரு. சொன்ன பேச்சைக் கேக்காத பய. அவனா தேடிக்கிட்ட சாவு.

உறவுக்காரங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கற பெரிய மனுசன், நேருக்கு நேரா யாரு என்ன சொல்றது? முதுகுக்குப் பின்னால சொன்னாங்க. ஒத்தைப் பையன் கம்பெனியை எட்டிப் பார்க்காம கார் ஷெட்டே கதின்னு கிடந்தான்ல, அந்தக் கடுப்பைச் செத்த பின்னாலயும் தீர்த்துக்கறாராம். கல்லு மனசுய்யான்னு ஒருத்தர் சொல்ல, மத்தவங்க ஆமாங்கன்னு தலையாட்டினாங்க.

நித்தீஷுக்கு அந்த ஷெட்டுதான் உசுரு. அவனும் கூட்டாளி மாரிச்செல்வமும் சேர்ந்து ஆரம்பிச்சது. புதுசா வந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு நம்ம ஊர் வேகத்தடையில ஏறினா அடி தட்டுது. அதுக்குன்னே தனியா ஸ்பிரிங்கு, சக்கரத்தைத் தாங்கற ஆர்முன்னு செஞ்சு விக்கணும்னு ரெண்டு பேருக்கும் ஒரு வெறி. காரை வாங்கி அக்கக்கா பிரிச்சுப் போட்டாங்க. ஒவ்வொரு தடவை மாத்தி மாட்டினதும் பக்கத்து சீட்டுல பனியன் துணி ரோலை ஆள் கனத்துக்கு அடுக்கி, பெல்ட்டைப் போட்டு, உடுமலை ரோட்டுல ஓட்டிப் பார்ப்பாங்க.

ஆயுத பூஜைக்கு மறுநாளும் விடிஞ்சதும் நித்தீஷ் தனியா ஓட்டிக்கிட்டுப் போனான். கார் புளியமரத்துல மோதி முன்பக்கம் அப்பளமா நொறுங்கிப் போச்சு. அவனும் போய்ட்டான். இந்த நொறுங்கல்ல ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாதுன்னு பிரேக் இன்ஸ்பெக்டர் கையை விரிச்சிட்டார். அப்பனே வேகம்தான்னு அடிச்சுச் சொன்னதால அத்தோட முடிஞ்சுது.

மாரிச்செல்வம் கூட்டத்தை விட்டுத் தள்ளி படியில உக்கார்ந்திருந்தான். சோறு தண்ணி இறங்கலைன்னு பார்த்தாலே தெரிஞ்சுது. திருநெல்வேலிப் பக்கமிருந்து அம்மாவோட பிழைக்க வந்தவன். அந்தம்மா இன்னும் அர்த்தநாரி கம்பெனியிலதான் செக்கிங் பார்க்குது.

அவன் எந்திரிச்சு தள்ளாடிக்கிட்டே வந்து அர்த்தநாரி முன்னால நின்னான்.

"ஐயா, வேகமில்லைய்யா. நான்தான் அவனைக் கொன்னுட்டேன்."

அழுகையும் பேச்சுமா அவன் சொன்னது இதுதான். ஆயுத பூஜை அன்னைக்கு நேரமாச்சு நேரமாச்சுன்னு, போல்ட்டை அளவு பார்த்து முறுக்கற ரெஞ்ச் முதக்கொண்டு எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு சாமி முன்னால பரப்பிட்டான். அதுக்கப்புறம் பார்த்தா முன்சக்கரத்து ஆர்ம்ல ஒரு போல்ட்டு முறுக்காம பாக்கி. சாமிக்கு வெச்ச சாமானை மறுநாள் சூடம் காட்டாம எப்படித் தொடறது? கையாலயே திருகி விட்டுட்டான். காலையில வந்து முறுக்கிக்கலாம், பூஜை போட்ட வண்டியை அதுக்குள்ள யாரு எடுக்கப் போறாங்கன்னு ஒரு நினைப்பு. நித்தீஷ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. நித்தீஷோ, சாமியாவது பூதமாவதுங்கற ஆளு. இவன் ஷெட்டுக்கு வந்து பார்க்கறப்ப வண்டி இல்லை.

"அது கழண்டுதான்யா இப்படி ஆயிருக்கும். போலீஸ் ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிருதேன். இல்லைன்னா இந்த ஆத்தோட போயிருதேன். எனக்கு இருக்க முடியலைய்யா."

அர்த்தநாரி அவன் தோளைப் பிடிச்சார். சுத்தி நின்னவங்களுக்கும் கேக்கற மாதிரி சத்தமாவே சொன்னார்.

"நானே கீழ குனிஞ்சு பார்த்தேன் கண்ணு. உன்ற போல்ட்டு வெச்ச இடத்துலதான் இருந்துச்சு. பேயாட்டம் ஓட்டுனான், செத்தான். எவன் வந்து கேட்டாலும் நான் இதைத்தான் சொல்லுவேன்."

நெசமாய்யான்னு மாரிச்செல்வம் கேட்டான். நெசந்தான்னார். அப்படியே மண்ணுல உக்கார்ந்து வாய்விட்டு அழுதான். அழுது முடிச்சு, யாரோ நீட்டின தண்ணியை வாங்கிக் குடிச்சான்.

வர்ஷினிக்குத்தான் தாங்க முடியலை. நித்தீஷோட தங்கச்சி. அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் குடுத்ததே அண்ணன்தான். டெஸ்ட்டுக்குப் போனா இந்த வேகம்தான்னு வெச்சுக்கிட்டு, அதுக்கு மேல ஒரு நாளும் போகாதவன்னு அவளுக்குத் தெரியும். பக்கத்து சீட்டுல துணி ரோலுக்குப் பதிலா எத்தனையோ தடவை உக்கார்ந்து போனவள் அவ.

"செத்தவன் திரும்பி வந்து பேச மாட்டாங்கற தைரியம்தானப்பா உங்களுக்கு? ஊருக்கு முன்னால எங்கண்ணனைக் கேவலப்படுத்திட்டீங்க. இனி நீங்க இருக்கற ஊட்டுக்கு நான் வர மாட்டேன்."

விறுவிறுன்னு போய் மாமா கார்ல ஏறிக் கதவைச் சாத்திக்கிட்டா. அவ சொன்னதுல ஒரு தப்பும் இல்லைன்னுதான் அங்க இருந்த அத்தனை பேருக்கும் பட்டுது. பெத்த மக மனசு வெறுத்துப் போறா, அந்த மனுசன் பாட்டுக்கு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கிட்டு இருந்தார்.

அர்த்தநாரி கலயத்தைத் தூக்கிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில இறங்கினார். சொட்டுக் கண்ணீர் இல்லை பாருன்னு கரையில ஒரு குரல் கேட்டுது.

போலீஸ் வர்றதுக்கு முன்னால, அந்தப் புளியமரத்துக்கு வெகுதூரம் இந்தப் பக்கமே, கார் வந்த வழியில நடுரோட்டுல கிடந்தப்ப அவரே பொறுக்கி மடியில முடிஞ்சு வெச்சிருந்த போல்ட்டை, மகனோட சாம்பலோட சேர்த்து ஆத்துல விட்டார்.