கேபிளைக் கழற்றிய பிறகு

பொத்தானை அழுத்தினேன். எழவில்லை.

இன்னும் கொஞ்சம் கோபமாக அழுத்தினேன். ஊஹூம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒட்டுகிற பொத்தான் இது. நோயாளி அழுத்தினால் நர்ஸ் மேஜையில் மணி அடிக்க வேண்டும். நடுவில் கம்பி கிடையாது, உள்ளே நகம் அளவுக்கு ஒரு சிப். அழுத்தாத நேரமெல்லாம் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கலாம். அழுத்தியதும் எழுந்தால் போதும். இதைவிடச் சொகுசான உத்தியோகம் யாருக்கு வாய்க்கும்? அதையும் ஒழுங்காகப் பார்க்கத் துப்பில்லை.

தூங்கத் தெரிகிறது, எழத் தெரியவில்லை. வீட்டிலும் எனக்கு ஒன்று இப்படி வாய்த்திருக்கிறது.

என் கணவரைச் சொல்கிறேன். இந்தப் பொத்தானின் பழைய சர்க்யூட் போர்டை வரைந்தவர் அவர்தான். சிப்புக்குள் ஓடும் நிரலை எழுதியவள் நான். ஒரே அலுவலகம், பக்கத்து மேஜை.

சோதனைக்குப் போன பொத்தான்களில் ஒன்றுகூட எழவில்லை என்று புகார் வந்தது. என் மேஜையில் எழுகிறதே என்று எல்லோர் முன்னாலும் அழுத்திக் காட்டினேன். கணினியிலிருந்து வரும் மின்சாரத்தில் ஒவ்வொரு முறையும் டக்கென்று எழுந்தது. அப்படியென்றால் பேட்டரியில் ஓடும்போதுதான் சொதப்புகிறது. பேட்டரிப் பக்கத்தை வரைந்தது யார்?

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். தப்பு செய்தவர் வேறு எப்படிப் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். தன் மேஜையைக் காலி செய்தவர், நேராக என் மேஜைக்கு வந்தார். கணினியிலிருந்து என் போர்டுக்குப் போகும் கேபிளைக் கழற்றினார். நிரலை ஏற்றுவதும், அது ஓடுவதை வேவு பார்ப்பதும் அந்தக் கேபிள் வழியாகத்தான். அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுப் போய்விட்டார்.

போகிற போக்கிலும் அடுத்தவர் பொருளில் கை வைக்கிற புத்தி. மறுபடியும் சொருகிக்கொண்டேன்.

அன்றிலிருந்து சோபாதான் அவருக்கு உலகம். நான் கிளம்பும்போதும் போர்வைக்குள், திரும்பும்போதும் போர்வைக்குள். மூடி வைத்த சாப்பாடு மூடியபடியே இருக்கும். பேசிப் பார்த்தேன், ஏசிப் பார்த்தேன், அசையவில்லை.

"இன்னைக்குப் புது போர்டு வருது. உங்க லட்சணம் ஊருக்கே தெரியப்போகுது" என்று காலையில் போர்வையைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

வந்தது புது போர்டு. இதுவும் எழவில்லை.

இதை வரைந்தவனும் என் கணவரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள் போலிருக்கிறது.

கேபிளைச் சொருகி அழுத்தினேன். டக்கென்று எழுந்தது. என் நிரலில் குற்றமில்லை என்று மறுபடியும் நிரூபித்தாயிற்று. இனி வரைந்தவனின் மானத்தையும் மிச்சம் வைக்காமல் வாங்கிவிடலாம் என்று மீட்டரை எடுத்தேன். சிப் தூங்கும்போது இந்த போர்டு எவ்வளவு மின்சாரத்தை வீணாக்குகிறது என்று பார்க்க வேண்டும்.

தூங்குகிற சிப் துளித்துளியாகத்தான் குடிக்கும். இது குடம் குடமாகக் குடித்துக்கொண்டிருந்தது.

மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். மாற்றிப் பார்த்தேன். அதே கணக்கு.

இது தூங்கவே இல்லை.

கேபிளின் வேவு இருக்கும்வரை சிப் முழுதாகத் தூங்காது. கண்ணை மூடிக்கொண்டு பாசாங்கு செய்யும். தூங்காததை எழுப்புவதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? எல்லோர் முன்னாலும் நான் அழுத்தி அழுத்திக் காட்டியது இந்தச் சாமர்த்தியத்தைத்தான்.

நிரலைத் திறந்தேன்.

பொத்தான் அழுந்தினால் எழ வேண்டும் என்று, தூங்கப்போகும் முன்பே சிப்பிடம் சொல்லி வைக்க வேண்டும். நானும் சொல்லித்தான் இருந்தேன். தூங்கு என்ற வரிக்கு அடுத்த வரியில்.

அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறவரிடம் போய், கூப்பிட்டால் எழுந்திரு என்று சொல்லும் அறிவாளி இந்த அலுவலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள். அவளைத்தான் கெட்டிக்காரி என்று வைத்துக்கொண்டார்கள்.

கேபிளைக் கழற்றினேன். காது மடல் இரண்டும் சுட்டன.

பின்னால் மேலாளர் வந்து நின்றார். எதையும் இன்றைக்கே கேட்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'இன்னைக்கே'.

"புது போர்டும் எழலையா? அப்போ தப்பு யாரோடது?"

ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டிவிட்டு வீட்டுக்கு போன் போட்டேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை. அடித்து அடித்து ஓயும், போர்வைக்குள்ளிருந்து ஒரு கை கூட நீளாது என்று நினைத்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

 

"கேபிளக் கழட்டிட்டியா?" என்றார்.

குரலில் தூக்கமே இல்லை.